எந்த அறையின் வெப்பநிலை

பட்டிப்பொலைக்குப் போகிற பாதையில், தேயிலை மலையின் மேலே ஒரு பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா இருக்கிறது. பயிர்களுக்கான மருந்துகளை ஆராய்கிற ஆய்வுகூடமாக அதை மாற்றிப் பல வருடங்களாகின்றன. துரை சாப்பிட்ட அறையில் இப்போது நீள மேசைகளும் கண்ணாடிக் குடுவைகளும் இருக்கின்றன. சமையலறையில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் நின்று கண்ணாடி கழுவுவதுதான் என் வேலை.

அதற்கு முன்பு தேயிலைக் கன்று நர்சரியில் இருந்தேன். அதற்கும் முன்பு கொழுந்து பறித்தேன். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம், பதினோராம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அம்மா இறந்த பிறகு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவில் நான் மட்டும்தான். தம்பி கொழும்பில் குடும்பத்தோடு இருக்கிறான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு வராது. வராது என்றால் ஊமை இல்லை. சொல்ல நினைப்பதை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். கண்ணாடி கழுவுகிற வேலை கிடைத்தபோது எனக்குப் பிடித்ததே அதுதான். தொட்டி பேசச் சொல்லாது.

ஆனால் பத்து வருடம் யாரும் பேசாத இடத்தில் நிற்பது வேறு விஷயம். ஆராய்ச்சி செய்கிற பெரியவர்கள் வருவார்கள், மேசையில் அழுக்குக் குடுவைகளை வைப்பார்கள், போவார்கள். சில பேருக்கு என் முகம் தெரியுமா என்பதே சந்தேகம். ஒருநாள் நான் காய்ச்சலில் வராமல் இருந்துவிட்டு மறுநாள் போனேன். "நேத்து ஏன் வரல?" என்று யாரும் கேட்கவில்லை. தொட்டியில் இரண்டு நாள் குடுவைகள் இருந்தன, அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மிஸ் வந்தார்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்காது. வந்த முதல் வாரம், கையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்தார்.

"அக்கா, இது பழுதாப் போச்சோ? கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. போர்டிங்கில விடிய எடுத்துக் கவிழ்த்துப் பாக்கிறன், ஒரு சொட்டும் வரேல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழுது இல்லங்க மிஸ். குளிருக்கு உறைஞ்சிருக்கு. இங்க எல்லாம் அப்படித்தான்."

"எண்ணெய் உறையுமோ?"

"எங்க வீட்டுல அடுப்புக்கிட்டதாங்க வைப்போம்."

இந்தச் சமையலறையில் இப்போது அடுப்பு இல்லை. கழுவின கண்ணாடியைக் காயவைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. சூட்டுப் பெட்டி என்று சொல்வோம். மின்சாரத்தில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே நல்ல சூடு, மேல் தட்டில் இதமான வெதுவெதுப்பு. போத்தலை அதன் மேல் வைத்தேன். கால் மணி நேரத்தில் ஓரத்திலிருந்து உருகத் தொடங்கியது. மிஸ் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் போத்தல் அங்கேயே தங்கிவிட்டது. காலையில் வந்து முதலில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து முடியில் தடவிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். தடவுகிற நேரத்தில் என்னோடு கதைப்பார். பஸ்ஸில் பார்த்தது, போர்டிங் வீட்டுக்காரியின் கோபம், அம்மா தொலைபேசியில் அழுதது, எல்லாம். பதிலுக்கு நான் "ஆமாங்க", "அப்படிங்களா" என்பேன். அவர் என் பதில் வரும்வரைக்கும் காத்திருப்பார். எனக்கு அது புதிது.

அவருடைய வேலை என்ன என்பதையும் அவர்தான் சொன்னார். நர்சரியில் தேயிலைக் கன்றின் தண்டை வெட்டி மண்ணில் ஊன்றுவதற்கு முன்னால் ஒரு வேர்ப்பொடியில் தொட்டு எடுப்போம். அந்தப் பொடி டப்பாவில் இண்டோல் என்று எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. சொன்னேன்.

"அட, உங்களுக்குத் தெரியுமே! அதின்ர சொந்தக்காரரைத்தான் நான் செய்யப் போறன்" என்றார். ஒரு சின்னப் போத்தலைத் திறந்து என் மூக்குக்குத் தூரத்தில் ஒரு தடவை ஆட்டினார். மல்லிகைப்பூ மாதிரி ஒரு வாசம். இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கொஞ்சமா இருந்தாப் பூ. கூடிப்போச்செண்டாக் கக்கூஸ். அதுதான் இண்டோல்" என்று சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

இண்டோலில் ஏற்கெனவே இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டு இருக்குமாம். அதன் தோளில் மூன்றாவது வளையம் ஒன்றைக் கட்டவேண்டும். அதை எப்படிக் கட்டுவது என்று காட்ட, நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி மூடிகளை எடுத்தார். நான்கு மூடிகளை ஒரு வளைவாக வைத்தார். அதற்கு எதிரே இரண்டு மூடிகள்.

"இந்த நாலு பேரும் கை கோத்துக்கொண்டு நிக்கினம். அதில ரெண்டு பேர்தான் இண்டோல்காரர், மற்ற ரெண்டு பேர் அவையின்ர வால். எதிர்ப்பக்கம் ரெண்டு பேர் சோடியா வருகினம். இந்தக் கடைசித் தொங்கல் அந்தாளைப் பிடிக்கும், அந்தத் தொங்கல் மற்ற ஆளைப் பிடிக்கும். ரெண்டு பிடியும் ஒரே நேரத்தில." இரண்டு மூடிகளையும் தள்ளிச் சேர்த்தார். ஆறு மூடிகளும் வட்டமாக நின்றன. "இதுதான் வளையச் சேர்க்கை. இங்கிலீஷில சைக்ளோ அடிஷன். வடிவு என்னெண்டா, ஒருத்தரும் கழிஞ்சு வெளியில விழமாட்டினம். வந்த எல்லாரும் உள்ளுக்கதான்."

அந்த ஆறு மூடிகளையும் அன்று சாயங்காலம் வரைக்கும் நான் எடுக்கவில்லை.

லயத்தில் என் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பெண், கொழுந்து பறிக்கிறவள், வாய்க்காரி. ஒருநாள் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கும்போது, மிஸ் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். சைக்ளோ அடிஷன் என்று சொல்லிவிட்டேன். அதோடு முடிந்தது.

"சைக்கிளா? ஏக்கா, இந்த எறக்கத்துல சைக்கிள் ஓட்டுனா பிரேக்கு நிக்காதே, சொல்லி வைங்க!" அன்றிலிருந்து லயம் முழுக்க அவர் சைக்கிள் மிஸ்.

இதை மிஸ்ஸிடம் சொன்னேன். எனக்கு நினைவு தெரிந்து நானாக ஒருவருக்குச் சொன்ன முதல் வேடிக்கைக் கதை அதுதான். மிஸ் தன் வேலைக் குறிப்பெழுதுகிற கொப்பியின் மூலையில் ஒரு சைக்கிள் படம் வரைந்து வைத்தார்.

அந்தக் கொப்பியில் என் கண்ணில் அடிக்கடி பட்டது ஆர், டி என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள். எல்லாப் பக்கத்திலும் இருக்கும். கேட்டேன். "ரூம் டெம்பரேச்சர். அறை வெப்பநிலை. சூடாக்கவும் தேவையில்லை, குளிராக்கவும் தேவையில்லை. கலந்து, மூடி, சும்மா மேசையில வைச்சாக் காணும், தன்பாட்டில சேரும். எங்கட யாழ்ப்பாணக் கம்பஸில செய்யேக்க ஒரு நாளில முடிஞ்சிடும்." சேர வேண்டிய இரண்டில் ஒன்று மஞ்சள் நிறம். இரண்டும் சேர்ந்துவிட்டால் மஞ்சள் போய்விடும். மஞ்சள் போனால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இங்கே மஞ்சள் போகவில்லை.

ஒரு நாள் வைத்தார், இரண்டு நாள் வைத்தார். குடுவை மஞ்சளாகவே இருந்தது. மருந்து பழையதோ என்று புதிதாக வரவழைத்தார். மூடுபனி ஜன்னலுக்குள் வந்து ஈரமாக்குகிறதோ என்று ஜன்னல் இடுக்குகளில் கடதாசி ஒட்டினார். ஒரு தடவை மின்சார அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுப் பார்த்தார். அது தார் மாதிரி கறுத்துக் குடுவையோடு பிடித்துக்கொண்டது. அந்தக் குடுவையைக் கழுவ எனக்கு இரண்டு நாள் பிடித்தது. "சூடு இதுக்கு எதிரி. இனிச் சூடாக்கிறேல்ல" என்று கொப்பியில் சிவப்பில் எழுதி வைத்தார்.

அவருக்கு அவசரம் இருந்தது. வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் மேல்படிப்புக்கு அவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் இந்த வளையம் வரவேண்டும். ஒரு தடவை வந்தால் போதாது, திரும்பத் திரும்ப, குறைந்தது மூன்று தடவை அதே மாதிரி வரவேண்டும். வந்தால் போகலாம். வராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

ஒரு சாயங்காலம், மிஸ் ஐந்து மணி பஸ்ஸுக்குப் போன பிறகு, மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில் கலந்து வைத்த குடுவை ஓரத்தில் இருந்தது. அடியில் மஞ்சளாக ஏதோ இறுகிப் படிந்திருந்தது. உறைந்த எண்ணெய் மாதிரியே இருந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். மருந்து உள்ள குடுவையை வேலையாட்கள் தொடக்கூடாது என்று சுவரில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் அதற்காகத்தான் வேலையை இழந்தார். ஆனால் உறைந்ததைக் கண்டால் சூட்டுக்குப் பக்கத்தில் வைப்பது எங்கள் கைக்குப் பழக்கம். எடுத்துச் சூட்டுப் பெட்டியின் மேல், எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் ஏழு மணிக்கு வந்து பார்த்தபோதுதான் பயம் வந்தது. அவசரமாக எடுத்து, பழைய இடத்திலேயே, அதே வட்டத் தடத்தின் மேல் வைத்தேன். தண்ணீர் மாதிரித் தெளிந்திருந்தது. மஞ்சள் எங்கே போனது என்று தெரியவில்லை. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். சமையலறைக்குள் போய்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

ஒன்பது மணிக்கு மிஸ் அலறினார்.

ஓடிப்போனேன். குளிர்ந்த மேசையில் இருந்த இரண்டு மணி நேரத்துக்குள் குடுவைக்குள் வெள்ளை ஊசிகள் வளர்ந்திருந்தன. மெல்லிய, நீளமான, பஞ்சு மாதிரி வெள்ளை. "வந்திட்டுது அக்கா! வந்திட்டுது!" மிஸ் என்னைக் கட்டிப்பிடித்தார். என் கை ஈரம் அவருடைய வெள்ளைக் கோட்டில் பட்டது. அம்மா போன பிறகு என்னை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் புரியும். அவர் அதே அளவில், அதே மருந்தில், அதே மேசையில் மறுபடி வைத்தார். வரவில்லை. மறுபடியும் வைத்தார். வரவில்லை. அன்றைக்குத் தான் என்ன செய்தார், எத்தனை தரம் குலுக்கினார், குடுவையை யார் கழுவினது, எதில் கழுவினது என்று ஒவ்வொன்றாக எழுதி எழுதிப் பார்த்தார். "அக்கா, அண்டைக்கு அந்தக் குடுவையை நீங்கள் என்னத்தால கழுவினீங்கள்?" என்று கேட்டார்.

"எப்பவும் போலதாங்க."

பொய் இல்லை. கேள்விக்குச் சரியான பதில். ஆனால் கழுவின குடுவையையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

நான் சொல்லாதது வேலை போய்விடும் என்ற பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். வாரங்கள் போகப் போக அது மட்டும் இல்லை என்று தெரிந்தது. வளையம் வராதவரைக்கும் மிஸ் இங்கே இருப்பார். காலையில் எண்ணெய் தடவிக்கொண்டு கதைப்பார். வந்துவிட்டால் போய்விடுவார். நான் அப்படி நினைத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

மிஸ் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். எண்ணெய் தடவுகிற நேரத்திலும் ஜன்னலையே பார்த்தார். ஒருநாள் கண்கள் வீங்கியிருந்தன. பேராசிரியர் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம்.

அன்று சாயங்காலம் பீலியடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பாதிக் கதையைச் சொன்னேன். யாரோ ஒருத்தி ஒன்றைத் தொட்டுவிட்டாள், சொல்லாமல் இருக்கிறாள் என்று வேறு யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த யாரோ ஒருத்தி நீங்கதானே?"

என் குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்தேன்.

"சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு பயமா? இல்ல, சைக்கிள் மிஸ்ஸு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயமா?"

"தெரியல."

"தெரியும்க்கா. மொகத்துலயே எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிற வழியில் திரும்பி, "அந்தப் பொண்ணு பாவம்" என்றாள்.

மறுநாள் காலை மிஸ் புதிதாக ஒரு குடுவை கலந்தார். மூடினார். மேசை ஓரத்தில் வைத்தார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை இரவே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் போய்க் குடுவையை எடுத்தேன். அவருடைய கண்ணெதிரிலேயே.

"அக்கா! என்ன செய்யிறியள்? அதைத் தொடவேண்டாம்!"

நான் நிற்காமல் நடந்து, சூட்டுப் பெட்டியின் மேல், எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் பிறகுதான் வாய் திறந்தது.

"அன்னைக்கும் இங்கதாங்க இருந்துச்சு, மிஸ்."

மிஸ் பெட்டிக்குக் கிட்டே வந்தார். போத்தலையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து வெப்பமானியை எடுத்தார். மேசையில் வைத்துக் காத்திருந்தார். பதின்மூன்று. சூட்டுப் பெட்டியின் மேல் வைத்துக் காத்திருந்தார். முப்பத்திநான்கு.

"எங்கட ஊரில அறை வெப்பநிலை எண்டா முப்பது" என்றார். என்னிடம் சொல்லவில்லை, வெப்பமானியிடம் சொன்ன மாதிரி இருந்தது. "நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிண்டு ஆர்.டி. ஆர்.டி. எண்டு எழுதியிருக்கிறன். விசரி." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் நாள்ல இருந்தேங்க."

"ரெண்டு மாசம்."

"ஆமாங்க."

"ரெண்டு மாசம் நான் அழுததைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் தொட்டிக்குப் போனேன். வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு புரிந்தது.

அந்தக் குடுவையில் மறுநாள் வெள்ளை ஊசிகள் வந்தன. அடுத்த குடுவையிலும். அதற்கு அடுத்ததிலும். ஒவ்வொரு தடவையும் மிஸ் வடிதாளில் வடித்து, காயவைத்து, எடை பார்த்து எழுதினார். அலறவில்லை. என்னை அக்கா என்று கூப்பிடவும் இல்லை. குடுவைகளைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார், மற்றவர்கள் வைக்கிற மாதிரி. எண்ணெயைப் போர்டிங்கிலேயே தடவிக்கொண்டு வந்தார் போல, காலையில் சமையலறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் போத்தலை எடுத்துக்கொண்டு போகவில்லை.

பேராசிரியர் சரி என்றார். கடைசி நாள் மிஸ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியில் சமையலறைக்கு வந்தார். கையில் வேலைக் கொப்பி. ஒரு பக்கத்தைத் திறந்து தொட்டி விளிம்பில் வைத்தார். எனக்கு இங்கிலீஷ் சரியாக வாசிக்க வராது. ஆனால் ஆர், டி என்ற இரண்டு எழுத்தும் கோடு போட்டு வெட்டப்பட்டு, மேலே முப்பத்திநான்கு என்று இலக்கத்தில் எழுதியிருந்தது தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் அப்படியே வெட்டி எழுதியிருந்தார். மூலையில் அந்தச் சைக்கிள் படம் அப்படியே இருந்தது.

"இப்பிடித்தான் எழுதி அனுப்பியிருக்கிறன்" என்றார்.

"சரிங்க மிஸ்."

என் ஈரக் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பஸ் திரும்புகிற சத்தம் கேட்கும்வரைக்கும் அந்தக் கேள்வியை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் நின்றேன்.

இப்போது அந்த மேசைக்கு வேறொருவர் வந்திருக்கிறார். நல்லவர். காதில் எப்போதும் பாட்டுக் கேட்கிற வயர். எண்ணெய்ப் போத்தல் சூட்டுப் பெட்டியின் மேல் அப்படியே இருக்கிறது, பாதிக்குக் கொஞ்சம் கீழே. அவர் ஒருநாள் அதை எடுத்துக் குப்பையில் போடப் பார்த்தார். "அது என்னோடதுங்க" என்று சொன்னேன். இவ்வளவு சீக்கிரமாக எனக்கு ஒரு பதில் வந்ததே இல்லை.

போன மாதம் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. புது நம்பர். படம் ஒன்று, அதில் வெளியே எல்லாம் வெள்ளை, ஜன்னல் விளிம்பில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் போத்தல். கீழே எழுதியிருந்தது: "அக்கா, இஞ்ச அறைக்குள்ள இருபத்திரண்டுதான். எண்ணெய் இறுகிக் கிடக்கு."

அக்கா என்று எழுதியிருந்தது.

சாயங்காலம் முழுக்கப் பதில் எழுதினேன். எழுதினதை அழித்தேன். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுதி அழித்தேன். சாப்பிட்டீர்களா என்று எழுதி அழித்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் எட்டிப் பார்த்து, "என்னக்கா, போனுக்குள்ள எறும்பா புடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் ஒரே வரிதான் அனுப்பினேன்.

"ஜன்னல்ல வைக்காதீங்க மிஸ். சூடு வர்ற எடத்துக்கிட்ட வைங்க."

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பார்த்துவிட்டார். போனைக் கவிழ்த்து வைக்காமல், திரை தெரிகிற மாதிரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உலை வைத்தேன்.